கன்னிமார் மடுவில் ஒரு முழங்கால் தண்ணீர்

புகழேந்திக்கு ஆட்களின் பெயர் மறந்துபோகும். அவர்களுடைய கிணற்றின் ஆழம் மறக்காது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால், ‘ஐம்பத்தஞ்சு அடி, அடியில் பாறை’ என்றுதான் முதலில் மனதில் ஓடும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, இருபத்திரண்டு வருடமாக மோட்டார் வேலை பார்க்கிறார். கிணற்றில் மோட்டார் இறக்குவது, எரிந்ததை மேலே தூக்குவது, செம்புக் கம்பிக் காயில் சுற்றி மறுபடி இறக்குவது. வெயில் காலத்தில்தான் வேலை ஜாஸ்தி. தண்ணீர் கீழே போகப் போக, மோட்டாரையும் கீழே இறக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பத்தடி, இருபது அடி என்று ஒவ்வொரு கோடையிலும் தண்ணீரைத் துரத்திக்கொண்டே போவதுதான் தன் தொழில் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. ரேவதியிடம் மட்டும் அப்படிச் சொன்னதில்லை. அவர் மனைவி ரேவதி ஆசிரமப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் சமையல் வேலை செய்கிறார். இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் சிரிக்கிற ஆள் இல்லை.

ஊருக்குத் தெற்கே ஓடுகிற துரிஞ்சலாறு எப்போதும் ஓடுகிற ஆறில்லை. ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் நிறத்தில் பொங்கி வரும். தை மாதம் கெண்டைக்கால் அளவு ஓடும். பங்குனியில் வெறும் மணல். ஆனால் ஆறு வளைகிற இடங்களில் மடுக்கள் உண்டு. மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அங்கே தண்ணீர் நிற்கும். அவற்றில் ஆழமானது கன்னிமார் மடு. கரையில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள், நான்கைந்து மருத மரங்கள். கோடையில் மேலும் கீழும் இருக்கிற மீனெல்லாம் அங்கே வந்து ஒதுங்கும். மழை வந்து ஆறு ஓடினதும் அங்கிருந்து கிளம்பி ஓடைகளிலும் ஏரிகளிலும் ஏறி முட்டையிடும். யாரும் குஞ்சு வாங்கிவந்து விட்டதில்லை, யாரும் தீனி போட்டதில்லை. விரால், கெண்டை, ஆரால், கெளுத்தி எல்லாம் அந்த ஒரு பள்ளத்துத் தண்ணீரை நம்பித்தான் அடுத்த வருடத்தைப் பார்த்தன.

அந்த மடுவில் ஆறு மோட்டார்கள் இருந்தன. அதில் ஐந்தை இறக்கியது புகழேந்தி.

இரண்டு வருடத்துக்கு முந்தைய சித்திரை. பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தது. காலையிலேயே ராஜேந்திரன் கொட்டகைக்கு வந்து நின்றார். மடுவை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நெல் போட்டிருந்தவர். நாற்று நடுவது தள்ளிப்போனதால், அடுப்பு மாதிரி எரிகிற வெயிலில் கதிர் பால் பிடிக்கிற நேரம் வந்து மாட்டிக்கொண்டது.

“இன்னும் ரெண்டு தண்ணி பாய்ச்சுனா போதும் புகழு. கரையில இருந்து ஓஸ் எட்ட மாட்டேங்குது. நடு மடுவுல பள்ளம் பறிச்சு மோட்டார எறக்கிக் குடு.”

“நடுவுலயாண்ணா? அங்கதான் கொஞ்சூண்டு நிக்குது.”

“அதத்தான் கேக்கறேன்.”

புகழேந்தி போனார். மடுவில் அப்போது இடுப்பளவு தண்ணீர்தான் மிச்சம். கடப்பாரையோடு உள்ளே இறங்கி நின்றபோது பொடிக் கெண்டைகள் கூட்டமாக வந்து அவர் கால்விரல்களைக் கடித்தன. சற்றுத் தள்ளி, ஒரு பெரிய விரால் மண்ணோடு மண்ணாக அசையாமல் கிடந்தது. அவர் கிட்டே போனபோதும் அது ஓடவில்லை. ஓடுவதற்கு இடமில்லை என்பது அவருக்குப் புரிந்தது. புரிந்தும், சேற்றைத் தோண்டிப் பள்ளம் எடுத்து, மோட்டாரைப் படுக்க வைத்து, ஓஸ் குழாயை மாட்டினார். பௌர்ணமிக்குள் ஒரு மழை வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வானத்தில் மேகமே இல்லை.

மூன்றாம் நாள் மோட்டார் முக்கிக்கொண்டு நின்றுவிட்டதாக ராஜேந்திரன் போன் செய்தார். அன்று சித்ரா பௌர்ணமி. கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். ரேவதி வாசலில் மோர்ப் பானைகளை இறக்கிவைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு எதிராக ஒரு கிலோமீட்டர் நடந்து, வெளியே நிறுத்தியிருந்த பைக்கை எடுத்துக்கொண்டு புகழேந்தி போய்ச் சேர்ந்தபோது காலை மணி பதினொன்று.

மடுவில் சேறுதான் இருந்தது. நடுப் பள்ளத்தில் மட்டும் காபி நிறத்தில் கொஞ்சம் தண்ணீர். அது தண்ணீர் மாதிரி அசையவில்லை. தண்ணீருக்குள் இருந்த மீன்கள் அசைந்தன. மோட்டாரின் சல்லடையைச் சுற்றிக் கெளுத்தி மீன்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. உறிஞ்சிய வேகத்தில் சில பாதி உடம்போடு உள்ளே போயிருந்தன. நிறைய மீன்களுக்கு வயிறு பருத்திருந்தது. மழைக்குக் காத்திருந்த முட்டை.

புகழேந்தி குனிந்து, ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துச் சேற்றில் போட்டார். கெளுத்தி முள் கையில் இரண்டு இடத்தில் குத்தியது. கால் மணி நேரம் ஆயிற்று. சல்லடை சுத்தமானதும் கரையேறி, “போடுண்ணா” என்றார். ராஜேந்திரன் ஸ்டார்ட்டரை அமுக்கினார். மோட்டார் ஓடியது.

அந்த ‘போடுண்ணா’ என்ற வார்த்தையைத்தான் பின்னாளில் அவரால் விழுங்க முடியவில்லை. கூப்பிட்டார்கள், போனேன் என்று மற்றதையெல்லாம் சொல்லிவிடலாம். ‘போடுண்ணா’ என்றபோது கரைக்குக் கீழே சேற்றில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவர் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

மறுநாள் காலை கரையெல்லாம் கொக்கும் பருந்தும். நாற்றம் தார் ரோடு வரை வந்தது. மறந்துபோன ஸ்பேனரை எடுக்க வந்த புகழேந்தி, சேற்றில் தொடையளவு புதைந்து நின்ற சந்திரம்மாளைப் பார்த்தார். ஆற்று மீன் பிடித்து ரோட்டோரம் விற்கிற பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மேல் ஓட்டை வழியாகக் கைவிட்டுத் துழாவிப் பிடிப்பதில் அந்தப் பக்கத்தில் அவருக்கு நிகர் இல்லை. அன்று கூடை இல்லை. இரண்டு பிளாஸ்டிக் குடத்தில், உயிர் இருப்பவற்றை மட்டும் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“விக்கறதுக்காக்கா?” என்று புகழேந்தி கேட்டார்.

சந்திரம்மாள் நிமிர்ந்து பார்த்தார். “விக்கறதுக்கு செத்ததே வண்டி வண்டியா கெடக்குதே. இது உசுரோட இருக்குது. எங்கனா தண்ணி இருந்தா சொல்லு, கொண்டுபோய் வுடணும். ஆத்துல இனிமே ஒண்ணும் இல்ல. கீழ இருக்கற ரெண்டு மடுவையும் பாத்துட்டு வந்துட்டேன்.”

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, அந்த வட்டாரத்திலேயே பதில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஒவ்வொரு கிணறாக நினைத்துப் பார்த்தார். பயிர் இருக்கிற இடத்துக் கிணறு எல்லாவற்றிலும் அடி தெரிந்தது. கடைசியில் வேங்கிக்காலில் அப்பாசாமியின் கிணறு ஞாபகம் வந்தது. கலெக்டர் ஆபீஸ் வந்தபிறகு சுற்றியிருந்த நிலமெல்லாம் மனையாகிவிட்டது. நடுவில் அந்தப் பழைய கிணறு மட்டும் கம்பி வலை போட்டு மூடிக் கிடந்தது. யாரும் இறைப்பதில்லை. அதனாலேயே அதில் தண்ணீர் இருந்தது.

மோட்டார் ஏற்றுகிற டெம்போவில் இரண்டு நீல டிரம் வைத்து, ஈரச் சாக்குப் போட்டு, மூன்று நடை போனார்கள். அப்பாசாமி வலையைத் திறந்துவிட்டு, “இன்னாத்துக்குப்பா இது?” என்று கேட்டார். “மழ வந்தா எடுத்துக்கறோம்” என்று மட்டும் சொன்னார் புகழேந்தி. கிணற்றின் மேல் இரும்பு முக்காலியை நிறுத்தி, மோட்டார் இறக்குகிற அதே சங்கிலியில் டிரம்மைக் கட்டி இறக்கினார். கெளுத்தியில் ஒன்றுகூட வழியில் தாங்கவில்லை. கெண்டையில் பாதி போயிற்று. விரால்கள் பிழைத்தன.

“விராலும் கெண்டையும் ஒரே கெணத்துலயாக்கா? தின்னுடாதா?”

“தின்னும். அதுக்குன்னு எல்லாத்தையுமா தின்னும்? மனுசனா இன்னா?” என்றார் சந்திரம்மாள்.

ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. ஆறு கரைபுரண்டது. ஏரிகள் நிரம்பின. ஆனால் புதுத் தண்ணீர் வந்ததும் ஓடைகளில் எதிரேறி வருகிற மீன் அந்த வருடம் வரவில்லை. சந்திரம்மாள் நாள் முழுக்கக் கூடை போட்டும், ஏரி உடைப்பில் தப்பித்து வந்த ஜிலேபி மீன் நாலைந்துதான் கிடைத்தது. கொசு மட்டும் வழக்கத்தைவிட அதிகம். தண்ணீர் இருந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. பாலத்தின் மேல் பைக்கை நிறுத்தி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்த புகழேந்தி, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“இன்னா ஆச்சு?” என்று ரேவதி கேட்டார்.

சித்ரா பௌர்ணமி அன்று நடந்ததை அவர் அப்போதுதான் முழுதாகச் சொன்னார். சல்லடையைச் சுத்தம் செய்ததையும், மறுபடி போடச் சொன்னதையும். ரேவதி சமாதானம் சொல்லவில்லை. “மோட்டார் எறக்கத் தெரிஞ்ச கைக்கு, ஏத்தத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் போட்டார்.

ரேவதி அதை என்ன அர்த்தத்தில் சொன்னாரோ, புகழேந்தி அதைப் பிடித்துக்கொண்டார். நாலைந்து நாள் கொட்டகையில் ஆங்கிள் இரும்பை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். செய்தது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நாலு கால் வைத்த ஒரு மேடை, முழங்கால் உயரம். அதன் மேல் மோட்டாரை போல்ட் போட்டு முடுக்கிவிட்டால், தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்ததும் மோட்டார் காற்றை இழுக்கும். அதற்குக் கீழே இருக்கிற தண்ணீரை எடுக்க முடியாது.

மார்கழியில் ஒரு மதியம், மடுவில் மோட்டார் வைத்திருக்கிற ஆறு பேரையும் கன்னிமார் கற்களுக்குப் பக்கத்தில் வரச் சொன்னார். ராஜேந்திரனோடு அவர் மனைவி சரசுவும் வந்தார். சந்திரம்மாள் தள்ளி, மருத மரத்தடியில் நின்றார். புகழேந்திக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. மேடையைத் தூக்கி நடுவில் வைத்தார்.

“எல்லார் மோட்டாரும் இது மேலதான் நிக்கணும். கடைசி ஒரு முழங்கால் தண்ணிய மீனுக்கு வுட்டுடலாம். இதுக்கு ஒத்துக்கிட்டா வேல பாக்கறேன். இல்லன்னா இந்த மடுவுல நான் கை வைக்க மாட்டேன்.”

முதலில் ராஜேந்திரன்தான் எழுந்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“மீனப் பாத்தா நெல்லுக்கு எங்க போறது? சோறு போடறது மீனா?”

“போன சித்திரையில கடைசியா எடுத்தீங்களே ஒரு முழங்கால் தண்ணி, அது உங்க நெல்லக் காப்பாத்துச்சாண்ணா?”

எல்லாரும் ராஜேந்திரனையே பார்த்தார்கள். சரசுதான் வாயைத் திறந்தார்.

“எங்க காப்பாத்துச்சு? பாதி கழனிதான் நனைஞ்சது. நனைஞ்சதும் பதரு, நனையாததும் பதரு. மாட்டுக்குத்தான் அறுத்துப் போட்டோம்.” யாரையும் பார்க்காமல் மேலும் சொன்னார்: “அந்த நாத்தம் பத்து நாளு வூட்டுக்குள்ள இருந்துச்சு. சோறு எறங்கல எனக்கு.”

அதற்குப் பிறகு பேச்சு வேறு திசையில் போனது. கோடை நெல் வேண்டாம், உளுந்தோ கத்திரியோ போடலாம் என்று ஒருவர் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது, மழை குறைந்தால் தெரியும் என்றார் இன்னொருவர். கடைசியில் ஐந்து பேர் தலையாட்டினார்கள். வல்லரசு மட்டும் மறுத்தான். ஆறு பேரில் சின்னவன். ஊருக்கு வெளியே வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாமந்தி போட்டிருந்தான்.

“பௌர்ணமிக்குப் பூ அனுப்பியே ஆகணும் நானு. எனக்கு இருக்கறது இந்த ஒரு வழிதான். நீங்க மேடையும் கட்டுங்க, மண்டபமும் கட்டுங்க. எனக்கு வேற ஆளு இருக்காரு.”

சொன்னபடியே வேறு மெக்கானிக்கை வைத்துக்கொண்டான். அவன் சொந்தக்காரர்கள் நாலு குடும்பமும் அதற்குப் பிறகு புகழேந்தியைக் கூப்பிடவில்லை.

தை மாதம் ஆறு மெலிந்து ஓடத் தொடங்கியதும், அப்பாசாமியின் கிணற்றிலிருந்து மீனை எடுத்தார்கள். தூண்டிலில் மண்புழு கோத்துச் சந்திரம்மாள் விராலைப் பிடித்தார். கெண்டைக்கு, வலையில் தவிட்டு உருண்டை கட்டி, புகழேந்தி சங்கிலியில் இறக்கி மெல்ல மெல்லத் தூக்கினார். இரண்டு நாள் வேலை. பதினான்கு விரால், கெண்டை ஒரு டிரம்மின் அடியை மறைக்கிற அளவு. மடுவில் கவிழ்த்தபோது சத்தமே இல்லாமல் மறைந்தன. சந்திரம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “கெளுத்திய எங்க போயி தேடறது?” என்றார்.

அந்தக் கோடையும் கடுமைதான். பங்குனிக் கடைசியில் தண்ணீர் மேடை மட்டத்துக்கு வந்தது. ஒன்றன் பின் ஒன்றாக ஐந்து மோட்டார்களும் காற்றை இழுத்து நின்றன. ராஜேந்திரன் வாடின கத்திரிச் செடிகளின் நடுவில் நின்று பார்த்தாரே தவிர, மேடையிலிருந்து மோட்டாரை இறக்கவில்லை. வல்லரசின் மோட்டார் மட்டும் ஓடியது. முழங்கால் தண்ணீர் கெண்டைக்காலுக்கு வந்தது. புகழேந்தி போய்ச் சொன்னார், கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள், கேட்கவில்லை. ஒரு காலை வேளையில் சரசு தனியாக அவன் சாமந்திக் கழனிக்குப் போனார்.

“டேய் வல்லரசு, எங்க செடி கருவுது, பாத்தியா?”

“பாத்தேன் பெரியம்மா.”

“எங்களால எடுக்க முடியாம இல்ல. எடுக்காம வுட்டு வச்சிருக்கறோம். அது மீனுக்கு வுட்டது. உனக்கு வுட்டது இல்ல.”

சரசு திரும்பி நடந்துவிட்டார். வல்லரசு அன்று பகல் முழுக்க மோட்டார் ஓட்டினான். மறுநாள் பீஸ் கட்டையைப் பிடுங்கி மோட்டாரை நிறுத்திவிட்டான். வெட்கப்பட்டானா, சேறு இழுத்து மோட்டார் போய்விடும் என்று பயந்தானா, யாருக்கும் தெரியாது.

அதற்குள் மடுவில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது, நெல்லடிக்கிற ஒரு களத்து அளவுக்கு. வெயிலில் அது கொதித்தது. புகழேந்தியும் ராஜேந்திரனும் தென்னங்கீற்று வெட்டி வந்து, தண்ணீரின் மேல் குறுக்கே கழி போட்டுப் பரப்பினார்கள். தினமும் காலையில் சந்திரம்மாள் கீற்றை விலக்கி, மிதக்கிற கெண்டையை எடுத்து வெளியே போட்டார். மற்றது அழுகிவிடக்கூடாது என்று. பத்தொன்பது நாள். இருபதாம் நாள் மதியம் கவுத்தி மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் கோடை மழை கொட்டியது. ஆறு ஓடவில்லை. மடு மட்டும் முழங்காலுக்கு மேல் ஏறியது. மழையில் நனைந்தபடி கரையில் நின்ற ராஜேந்திரன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். புகழேந்தி அவரைப் பார்க்காமல் கீற்றுகளை இழுத்துக் கரையில் போட்டார்.

அந்த மழைக்குப் பின் வந்த ஐப்பசியில் ஓடைகளில் மீன் ஏறியது. பழைய அளவில் நூற்றில் ஒரு பங்கு இருக்கும். விரால் குஞ்சுகள் தெரிந்தன. கெண்டை வந்தது. எங்கிருந்தோ ஆரால்கூட இரண்டு வந்தது. சேற்றுக்குள் புதைந்தே பிழைத்திருக்கும் என்றார் சந்திரம்மாள். கெளுத்தி இல்லை. சந்திரம்மாள் இப்போது மடுவில் கூடை போடுவதில்லை. வேங்கிக்காலில் புதுக் கட்டடங்களுக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறார். இன்னும் இரண்டு வருடம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். வல்லரசின் மோட்டார் இன்னும் மேடை இல்லாமல்தான் இருக்கிறது. இந்தக் கோடையில் என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை.

போன வாரம் ஆற்றின் கீழ்ப்பக்க ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார். அங்கே ஒரு மடுவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறதாம், மோட்டார் இறக்க வேண்டுமாம். புகழேந்தி மேடையைப் பற்றிச் சொன்னார். எதற்கு என்று கேட்டார் அவர். மீனுக்கு என்றார் இவர். அவர் போனை வைத்துவிட்டார்.

“இன்னா சொன்னாங்க?” என்று ரேவதி கேட்டார்.

“வேணாம்னுட்டாங்க.”

அன்றைக்கு வேங்கிக்காலில் ஒரு புது வீட்டுக்கு வேலை இருந்தது. ஆயிரத்து நூறு அடி போர்வெல். அங்கே வைக்க மேடையும் கிடையாது, விட்டுவைக்க முழங்கால் தண்ணீரும் கிடையாது. அங்கே மட்டும் இறக்கலாமா என்று ரேவதி கேட்பார் என எதிர்பார்த்துப் புகழேந்தி ஒரு நிமிடம் நின்றார். ரேவதி கேட்கவில்லை. புகழேந்தி சங்கிலியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.